மண்புழு உரப் பை: துணி சரி, வடிகால் சரியில்லை

12 அடி நீளம், 4 அடி அகலம், 2 அடி உயரம் உள்ள பச்சைப் பை. தொழுவத்துக்குப் பக்கத்தில் வேப்பமர நிழலில், மூங்கில் நட்டுக் கட்டியிருக்கிறேன். துணி தடிமன், தையல் இரட்டை. பக்கவாட்டு வலை வழியாக எலி நுழையவில்லை.

குறை வடிகாலில்தான். குழாயை அடியிலிருந்து இரண்டு விரற்கடை மேலே வைத்துத் தைத்திருக்கிறார்கள். ஐப்பசி அடைமழையில் சாணமெல்லாம் ஊறி, அடியில் தண்ணீர் நின்றுவிட்டது. விடிந்து பார்த்தால் புழுக்கள் விளிம்பேறி வெளியே கிடக்கின்றன. கோழிகளுக்குக் கொண்டாட்டம்!

மழைத்தண்ணீரில் மூழ்கிச் செத்துவிடும் என்றுதான் வெளியே வருகின்றன என்பார்கள். அது பாதி உண்மை. மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது, ஈரத்தோல் வழியாகத்தான் சுவாசம். ஆக்சிஜன் உள்ள தண்ணீரில் பல இனங்கள் நாள்கணக்கில் தாக்குப்பிடிக்கும். ஆனால் மக்கும் சாணத்தில் தேங்கிய தண்ணீரில் நுண்ணுயிர்களே ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். அப்புறம் ஏறாமல் என்ன செய்யும்? தரையெல்லாம் ஈரமாக இருந்தால் தோல் காயாமல் வெகுதூரம் ஊர்ந்து இடம் மாறவும் முடியும். அதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

கடையில் கேட்டதற்கு, "மேல தார்ப்பாய் போடுங்கண்ணே" என்றார் பையன். சரி, போட்டாச்சு. குழாயை யார் இறக்கித் தைப்பது?

வாங்குகிறவர்கள் குழாய்ப் பக்கம் சாய்வாக மேடை போட்டு, அடியில் செங்கல் ஜல்லியும் தேங்காய் மட்டையும் பரப்பிக்கொள்ளுங்கள். பைக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்று.