காலத்துக்குப் பெயர் வைக்கும் விளையாட்டு

பெங்களூரு இந்திரா நகரில் பலகை விளையாட்டுகளை வாடகைக்குத் தரும் ஒரு கடையிலிருந்து, கற்பனை உலகின் வரலாற்றுக் காலங்களுக்கு எதிர்கால அறிஞர்கள் பெயரிடும் விளையாட்டொன்றை வாங்கிவந்து, அல்சூரில் உள்ள அக்கா வீட்டில் ஆடினோம்.

முதற்பாதியில் அரசுகளை வளர்க்கும் நாமே, பிற்பாதியில் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் வரும் அறிஞர்களாகி, அழியாமல் எஞ்சிய அட்டைகளை மட்டும் வைத்து அக்காலத்துக்குப் பெயர் சூட்ட வேண்டும். அக்கா மகள் கட்டியெழுப்பிய நூலகங்களும் துறைமுகமும் அழிந்து, ஓர் உப்பு ஜாடி மட்டும் எஞ்சியதால், அவளது பொற்காலம் 'உப்புக் காலம்' ஆயிற்று. அவள் அன்றிரவு யாருடனும் பேசவில்லை. சான்றுகள் குறைவு என்பதாலேயே களப்பிரர் ஆட்சியை 'இருண்ட காலம்' என்று எழுதிவைத்த நமக்கு இது புதிதன்று.

கருவிகள் எப்பொருளால் ஆனவை என்பதைக் கொண்டு காலத்துக்குப் பெயரிடும் விதி, டென்மார்க்கின் தொல்பொருள் அறிஞர் தாம்சன் 1836இல் அச்சில் வெளியிட்ட கல், வெண்கலம், இரும்பு என்ற காலப் பகுப்பை நினைவூட்டுகிறது. தமிழகத்தில் தனி வெண்கலக் காலம் இன்றிப் புதிய கற்காலத்தை அடுத்து இரும்புக் காலம் வந்ததைப் போல, ஒரு படியைத் தாண்டிச் செல்லவும் இதில் ஓர் அட்டை உண்டு. விளையாட்டிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

விதிப்புத்தகத்தின் எழுத்து கண்ணை வருத்தும் அளவுக்குப் பொடி. பெட்டியில் இரண்டு அட்டைகள் குறைந்திருந்ததைச் சொன்னபோது, கடைக்காரர் முன்பணத்தில் பிடித்தம் செய்யப் பார்த்தார்; எனவே எடுக்கும்போதே அட்டைகளை எண்ணிவிடுங்கள்.