செம்பருத்தியில் மாவுப்பூச்சி: ரசாயனம் இல்லாத சில வருட அனுபவம்

வீட்டு முன்னால் வேலியாகச் செம்பருத்தி வைத்திருப்பவர்களுக்கு மாவுப்பூச்சியைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. சாறு உறிஞ்சும் இந்த வெள்ளைப் பூச்சி அப்பினால் நுனிக்குருத்து சுருண்டு முடிச்சாக நின்றுவிடும். மொட்டு விரியாமலே உதிரும். இலையெல்லாம் பிசுபிசுத்து, அதன்மேல் கரும்பூசணம் படரும். கோவையில் எங்கள் வீட்டுச் செம்பருத்தி சில வருடங்களாக ரசாயன மருந்து இல்லாமல்தான் பூக்கிறது. இதில் நான் அடித்துச் சொல்வது ஒன்று: முதலில் எறும்பைத் தடுங்கள், தெளிப்பதெல்லாம் அப்புறம்.

மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காகத்தான் எறும்பு ஏறுகிறது. ஏறியது சும்மா இருக்காது, பூச்சியைத் தின்ன வரும் பொறிவண்டையும் குளவியையும் விரட்டிவிடும். அதனால் அடித்தண்டில் துணிப்பட்டை சுற்றி, அதன்மேல் கிரீஸ் தடவி வைக்கிறேன். தண்டின் மேல் நேரடியாகத் தடவ வேண்டாம், தண்டின் தோல் கெட்டுப்போகும். தூசி படிந்துவிட்டால் புதிதாகத் தடவ வேண்டும். ஒரே ஒரு கிளை சுவரைத் தொட்டாலும் போதும், எறும்பு அந்த வழியாக வந்துவிடும். அதைக் கவாத்து செய்துவிடுங்கள். தொட்டிச் செடியாக இருந்தால் தண்ணீர் ஊற்றிய தட்டில் செங்கல் வைத்து, அதன்மேல் தொட்டியை வையுங்கள்.

அடுத்து வேப்பெண்ணெய். லிட்டருக்கு 5 மில்லி. காதி சோப்பைக் கரைத்து, எண்ணெயை முதலில் அதில் நன்றாக அடித்துக் கலக்கி, பால் மாதிரி வெளுத்த பிறகுதான் மீதித் தண்ணீரைச் சேர்க்க வேண்டும். எண்ணெய் மேலே மிதந்தால் தெளிக்காதீர்கள், இலை கருகும். வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்புறம் நனையும்படி தெளிப்பது நல்லது. வளர்ந்த பூச்சியின் மெழுகுப் பூச்சைத் தாண்டி இது அவ்வளவாக இறங்குவதில்லை. புதிதாகப் பொரித்த குஞ்சுகளிடம்தான் வேலை செய்கிறது. அதனால் வாரம் ஒருமுறை என்று தொடர்ந்து தெளிக்க வேண்டும். பூச்சி அப்பிக்கிடக்கும் நுனியை வெட்டி சோப்புத் தண்ணீர் வாளியில் போட்டுவிட்டு, ஹோஸ் பைப்பால் செடியைப் பீய்ச்சிக் கழுவினாலே பாதிப் பூச்சி குறைந்துவிடும். இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய்க் கரைசலைப் பலர் புகழ்கிறார்கள். மாவுப்பூச்சி விஷயத்தில் எனக்கு அதில் பலன் தெரியவில்லை.

தெளிக்கும் முன்பு ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு முளைத்த மாதிரி ஒன்று, மற்றவற்றைவிடப் பெரிதாக, விறுவிறுவென்று கிளையில் நடந்துபோனால் அது மாவுப்பூச்சி இல்லை. கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழு அது. மாவுப்பூச்சிக் கூட்டத்துக்குள் தலையை விட்டு முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்று தீர்க்கும். வளர்ந்த வண்டு கருத்த உடம்பும் ஆரஞ்சுத் தலையுமாக இருக்கும். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இந்த வண்டு 1898லேயே இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இந்தப் புழு கண்ணில் பட்ட கிளையில் நான் எதையும் தெளிப்பதில்லை, வேப்பெண்ணெய் உட்பட.

இயற்கை எதிரிகள்மேல் எனக்கு இவ்வளவு நம்பிக்கை வரக் காரணம் பப்பாளி மாவுப்பூச்சி. 2008ல் இந்தியாவில் முதலில் அது கண்டறியப்பட்டது கோவையில்தான். பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று ஆரம்பித்து வீட்டுச் செம்பருத்திவரை வெள்ளையடித்துவிட்டது. எந்த மருந்துக்கும் அது சரியாக அடங்கவில்லை. 2010ல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்த ஒட்டுண்ணிக் குளவிகள், முக்கியமாக அசரோபேகஸ் பப்பாயே, வயல்களில் விடப்பட்ட பிறகுதான் கட்டுக்குள் வந்தது. கடுகளவுகூட இல்லாத குளவி! கடும் பூச்சிமருந்து அடித்தால் முதலில் சாவது இப்படிப்பட்டவைதான்.

உரத்தையும் கவனியுங்கள். யூரியா கூடினால் இளந்தளிர் கொழுத்து வரும், சாறு உறிஞ்சும் பூச்சிக்கு அதுதான் விருந்து. மட்கிய தொழுவுரம் போதும்.

செம்பருத்தி இப்படித் தேறிவிட்டாலும், மல்லிகைச் செடியில் வரும் மொட்டுப்புழு மட்டும் எனக்கு இன்னும் முழுதாக அடங்கவில்லை. ஊதாவாக நிறம் மாறிய மொட்டுகளையும் கீழே கொட்டியவற்றையும் தினமும் பொறுக்கி அழிக்கிறேன். அடிமண்ணைக் கிளறிவிடுவதால் கூட்டுப்புழு கொஞ்சம் குறைகிறது. இதற்கு வேறு வழியில் பலன் கண்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள், இந்த மழைக்கு முன்பே செய்து பார்க்கிறேன்.