பேஸ்பாலுக்கு ஒன்று, அமெரிக்கன் ஃபுட்பாலுக்கு ஒன்று: கிருஷ்ணகிரியில் இரண்டு சந்தா கட்டிப் பார்த்த கதை

நியூயார்க் யாங்கீஸ் என்ற பேஸ்பால் அணியின் தொப்பி போட்ட ஆள் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் எந்த நேரம் போனாலும் இரண்டு பேராவது இருப்பார்கள். ஒருமுறை ராயக்கோட்டையிலிருந்து தக்காளி லோடு ஏற்றி வந்த டிரைவர் ஒருவரிடம் ஆசையாக, "யாங்கீஸ் ஃபேனாண்ணா?" என்று கேட்டுவிட்டேன். "ஃபேன் எங்க இருக்குது, வெயிலுக்குத்தான் தொப்பியே" என்றார். ஆகவே பேஸ்பால், அமெரிக்கன் ஃபுட்பால் இரண்டையும் இணையத்தில் நேரலையாகப் பார்க்க இங்கிருந்து காசு கட்டலாமா என்று கேட்கப் போகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்று தெரியும். இருந்தாலும் கட்டியவன் என்ற முறையில் எழுதி வைக்கிறேன்.

பெங்களூரில் ஏழு வருடம் அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்கு பில் போடும் வேலை, முழுக்க நைட் ஷிஃப்ட். கிளையன்ட் விஸ்கான்சின் மாநிலத்துக்காரர்கள். திங்கட்கிழமை போனை எடுத்தால் முதல் பத்து நிமிடம் அவர்கள் ஃபுட்பால் அணி பேக்கர்ஸ் ஏன் தோற்றது என்ற ஒப்பாரிதான், பில் எல்லாம் அப்புறம். அப்படி ஒட்டிக்கொண்டது இது. இப்போது காவேரிப்பட்டினம் ரோட்டில் உரக்கடை வைத்திருக்கிறேன், வேலை விட்டது, இது விடவில்லை. போன வருடம் மார்ச்சில் பேஸ்பால் சந்தாவும் செப்டம்பரில் ஃபுட்பால் சந்தாவும் எடுத்தேன். இரண்டும் சேர்ந்தால் எங்கள் வீட்டு மூன்று மாதப் பால் காசு. என் மனைவி போட்ட கணக்கு இது, நான் மறுத்துப் பேசவில்லை.

முதலில் பேஸ்பால். ஒரு அணிக்கு ஒரு சீசனில் 162 ஆட்டம், மொத்தம் 30 அணி. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை அநேகமாகத் தினமும் ஏதாவது இருக்கும், அதனால் கட்டிய காசு ஓடிக்கொண்டே இருக்கிறது என்ற நிம்மதி உண்டு. அதைவிட முக்கியம் நேரம். என் அணி மில்வாக்கி ப்ரூவர்ஸ் (பெயருக்கு அர்த்தம் பீர் காய்ச்சுகிறவர்கள், வீட்டில் யாருக்கும் விளக்கவில்லை). அவர்கள் ஊரில் மாலை 6:40க்கு ஆரம்பிக்கும் ஆட்டம் நமக்கு விடியற்காலை 5:10. 2023இல் பிட்ச் கிளாக் கொண்டுவந்தார்கள். பந்து போடுகிறவர் கையில் பந்தை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, பேஸில் (ஓடிப்போய் நிற்கும் இடங்களில்) எதிரணி ஆள் இல்லாவிட்டால் 15 நொடிக்குள் போட்டாக வேண்டும். அதற்கு முன் மூன்று மணி நேரத்துக்கு மேல் இழுத்த ஆட்டம் சராசரியாக 2 மணி 40 நிமிடத்துக்கு வந்துவிட்டது. அமெரிக்காவில் இது பேஸ்பாலின் அழகைக் கெடுத்துவிட்டது என்று அழுத பழமைவாதிகள் உண்டு, எனக்கென்னவோ எட்டு மணிக்குள் முடிந்து குளித்துவிட்டுக் கடை திறக்க முடிகிறது, அதற்கே அந்தக் கடிகாரத்துக்கு மாலை போடலாம்.

இன்னொரு வேடிக்கை. அமெரிக்காவில் இருப்பவர்களுக்குப் பல வருடங்களாக இதே சந்தாவில் உள்ளூர் அணியின் ஆட்டம் நேரலையில் தெரியாது, உள்ளூர் டிவிக்கு உரிமையை விற்றிருப்பார்கள். மில்வாக்கிக்காரனுக்கு இருந்த அந்தத் தடை கிருஷ்ணகிரிக்காரனுக்கு இல்லை.

நான் எதிர்பார்க்காதது அம்மாவை. விடியற்காலையில் எழுந்து வாசல் தெளித்துவிட்டு வருகிறவர், டிவி ஓடுகிறதே என்று பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் உரிக்க ஆரம்பித்தார். மூன்று ஸ்ட்ரைக் (அடிக்காமல் விட்ட அல்லது தவறவிட்ட நல்ல பந்து) விழுந்தால் அவுட் என்பது மட்டும் சொல்லிக் கொடுத்தேன், மீதியை அவரே பிடித்துக்கொண்டார். டாட்ஜர்ஸ் அணியின் ஜப்பான்காரர் ஒஹ்தானி என்றால் உயிர். "ஏன்டா, இந்தப் பையன் பந்தும் போடறான், மட்டையும் புடிக்கிறான், ரெண்டு ஆள் சம்பளம் குடுப்பாங்களா?" பத்து வருடத்துக்கு 70 கோடி டாலர் ஒப்பந்தம், அதில் 68 கோடியை அந்தப் பத்து வருடம் முடிந்த பிறகுதான் வாங்கிக்கொள்கிறார் என்று சொன்னேன். அம்மா யோசிக்கவே இல்லை. "சீட்டு கட்டியிருக்கான்னு சொல்லு."

போன சீசனில் ப்ரூவர்ஸ் 97 ஆட்டம் ஜெயித்தார்கள், 30 அணியில் அதுதான் அதிகம். லீக் ஆட்டங்களில் ஒஹ்தானியின் டாட்ஜர்ஸோடு ஆறு முறை மோதி ஆறிலும் ஜெயித்தார்கள். அப்புறம் அக்டோபரில் அதே டாட்ஜர்ஸோடு பிளேஆஃப் (லீக் முடிந்ததும் வரும் நாக்அவுட் சுற்று), நாலுக்கு நாலும் தோல்வி. நாலாவது ஆட்டம் தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை காலை. சமையலறையில் முறுக்கு பிழிந்துகொண்டிருக்கிறார்கள், இங்கே ஒஹ்தானி பந்து போட்டு பத்துப் பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கி, அது போதாதென்று மட்டையைப் பிடித்து மூன்று ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) அடிக்கிறார். ஒரே ஆட்டத்தில். என் வீட்டில் என் அணி தோற்கிறது, என் அம்மா கை தட்டுகிறார். இறுதிச் சுற்றான உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டம் இன்னும் மோசம், வழக்கமான ஒன்பதுக்குப் பதில் 18 இன்னிங்ஸ், 6 மணி 39 நிமிடம். பொழுது விடியுமுன் ஆரம்பித்தது மதியம் பன்னிரண்டு மணி தாண்டித்தான் முடிந்தது. அன்று கடை திறக்கவில்லை, பொட்டாஷ் கேட்டு வந்தவர்கள் திரும்பிப் போனார்கள், இதைச் சந்தாவின் குறையில் சேர்ப்பதா நிறையில் சேர்ப்பதா தெரியவில்லை.

ஃபுட்பால் பக்கம் வருகிறேன். டிவியில் பார்க்க பேஸ்பாலைவிட நூறு மடங்கு நல்ல விளையாட்டு இதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு டவுனும் (பந்தை முன்னே கொண்டுபோக எடுக்கும் ஒரு முயற்சி) ஒரு சின்னச் சதுரங்கம். நம்ம பக்கம் எருது விடும் விழாவில் குறிப்பிட்ட தூரத்தை மாடு எத்தனை நொடியில் கடக்கிறது என்று நொடிக்கணக்கில் பார்த்துப் பரிசு கொடுப்பார்கள் அல்லவா, அவர்கள் அதை மனிதர்களுக்கு வைத்திருக்கிறார்கள். லீக்கில் சேர வருகிறவர்களை 40 கஜம் ஓடிக்காட்டச் சொல்வார்கள். 2024இல் சேவியர் வொர்தி 4.21 நொடியில் ஓடியதுதான் சாதனை. மாட்டைச் சுற்றி நின்று பல்லைப் பார்ப்பதுபோல இவர்களின் உயரம், எடை, உள்ளங்கை அகலம் வரை அளக்கிறார்கள், பார்க்கக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும்.

என் அணி கிரீன் பே பேக்கர்ஸ். ஒரு லட்சத்துச் சொச்சம் பேர் இருக்கிற ஊர், நம் ஓசூரைவிடச் சிறியது. அணிக்குப் பணக்கார முதலாளி கிடையாது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட சாதாரண ஜனங்கள் பங்கு வைத்திருக்கிறார்கள், அந்தப் பங்கில் லாபமும் வராது, லாபத்துக்கு விற்கவும் முடியாது. 1919இல் ஜெர்சி வாங்கக் காசு கொடுத்தது டப்பா இறைச்சி போடும் ஒரு கம்பெனி, பேக்கர்ஸ் என்ற பெயரே அதிலிருந்து வந்தது. நம்ம ஊரில் மாங்கூழ் டப்பா போடும் ஃபேக்டரிகள் எத்தனை இருக்கின்றன, ஒன்றாவது ஒரு கபடி டீமுக்குப் பனியன் எடுத்துக் கொடுத்து, அது நூறு வருடம் ஊர்க்காரர்கள் கையிலேயே இருந்திருந்தால் என்று யோசித்துக்கொண்டே போவேன், பொங்கல் வாரத்தில் அவர்கள் என்னை அழவைக்கும் வரை. ஜனவரி 11 ஞாயிறு காலை பிளேஆஃபில் பாதி ஆட்டத்தில் 21-3 என்று முன்னால் இருந்தவர்கள் சிகாகோ பேர்ஸிடம் 31-27 தோற்றார்கள்.

ஆனால் சந்தாவாகப் பார்த்தால் ஃபுட்பால் இங்கே கட்டுப்படியாகவில்லை. ஒரு அணிக்கு லீக்கில் 17 ஆட்டம்தான். ஞாயிறு மதிய ஆட்டம் நமக்கு இரவு 10:30, நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை மாற்றியதும் 11:30, முடிய மூன்று மணி நேரத்துக்கு மேல். அதில் பந்து உண்மையாகவே ஆட்டத்தில் இருப்பது சுமார் 11 நிமிடம் என்று ஒரு அமெரிக்க நாளிதழ் ஸ்டாப்வாட்ச் வைத்துக் கணக்கெடுத்தது. மீதி நேரம் கூடிப் பேசுவது, நடப்பது, விளம்பரம். நைட் ஷிஃப்ட் காலத்தில் சரி, திங்கட்கிழமை காலை யூரியா லாரி வந்து நிற்கிறவனுக்கு இது ஒத்துவராது. கடைசியில் சுருக்கிய நாற்பது நிமிட வடிவத்தைத்தான் மறுநாள் இரவு பார்த்தேன். அதற்குள் செயலியே போனில் முடிவை அனுப்பிவிடும். ஸ்கோரை மறைக்கும் வசதி இருக்கிறது, அதை ஆன் செய்தும் அறிவிப்பு மட்டும் வந்துகொண்டே இருந்தது. எழுதிக் கேட்டேன். பதினோரு நாள் கழித்து, செயலியை நீக்கிவிட்டுத் திரும்பப் போடுங்கள் என்று பதில். எந்த நிறுவனம் என்று பெயர் போடவில்லை.

வாங்குவதாக இருந்தால் இரண்டு விஷயம். தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டை வாங்கிய அன்றே நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் ஆட்டமே இல்லாத மாதத்தில் வங்கிச் செய்தி வந்து வீட்டில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அப்புறம் யூபிஎஸ் முக்கியம், எங்கள் தெருவில் காலை ஆறு மணிக்குக் கரண்ட் போனால் மோடமும் போய்விடுகிறது. அப்படிப்பட்ட நாட்களில் போன் டேட்டாவில் ரேடியோ வர்ணனையைக் கேட்டேன், பேஸ்பாலுக்கு அதுவே போதும், சில சமயம் படத்தைவிட நன்றாகவும் இருக்கிறது. பேஸ்பாலுக்கு ஐந்துக்கு நாலரை. ஃபுட்பாலுக்கு விளையாட்டுக்காக நாலு, சந்தாவுக்காக இரண்டு.

ஃபுட்பாலை இந்த முறை நிறுத்திவிட்டேன். பேஸ்பாலையும் ஒரு வருடம் விட்டுப் பார்க்கலாமா என்று வீட்டில் பேச்சு வந்தது. அம்மா முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஐநூறு ரூபாய் நோட்டு இரண்டை டிவி ஸ்டாண்டில் வைத்துவிட்டு, "அந்த ஜப்பான் பையன் எப்பத்திலருந்து ஆடறான்?" என்று கேட்டார்.