சூசைட்பாய்ஸ் வேரைத் தேடணும்னா மெம்ஃபிஸா, பங்க்கா?

சூசைட்பாய்ஸ் பாட்டு கேட்டுட்டு இதெல்லாம் எங்கேருந்து வந்துச்சுன்னு தோண்டுனா ரெண்டு வழி வரும், எதுல முதல்ல போறதுன்னு குழப்பம். இவங்க ராப் ஜோடி, நியூ ஆர்லியன்ஸ் கசின்ஸ் ரெண்டு பேரு, 2014ல சேர்ந்தாங்க. ஸ்க்ரிம் டிஜே பண்ணிட்டிருந்தவர், ரூபி பங்க் பேண்டுல (வேகமா, கத்திப் பாடுற ராக்) டிரம்ஸ் அடிச்சவர், அதான் ரெண்டு வழி: ஒண்ணு மெம்ஃபிஸ் ஊர் பழைய ராப், இன்னொண்ணு பங்க்.

சவுண்டு
மெம்ஃபிஸ்: அந்த ஊர் ராப் குழு த்ரீ சிக்ஸ் மாஃபியாவோட 1995 ஆல்பம் மிஸ்டிக் ஸ்டைல்ஸ் போதும். பேய்ப்பட மெட்டு, 808 டிரம் மெஷினோட அதிர்ற பேஸ், ஒரே வரிய திரும்பத் திரும்ப மந்திரம் மாதிரி சொல்றது, குழுவுல ஒருத்தரான லார்ட் இன்ஃபமஸ் வார்த்தைய மும்மூணா உருட்டுற ஃப்ளோ, எல்லாத்துக்கும் மேல அந்த கேசட் இரைச்சல். சூசைட்பாய்ஸ் இந்தக் குழுவோட பாட்டுலேருந்து நேராவே சாம்பிள் (துண்டு வெட்டி) எடுத்திருக்காங்க, கேட்டவுடனே மாட்டும்.
பங்க்: சூசைட்பாய்ஸ் மெட்டு இங்க கிடைக்காது, கத்தல், வேகம், சின்னப் பாட்டு, அவ்ளோதான்.

வரிகள்
மெம்ஃபிஸ்: பேய், கொலை, போதை. பாதி மிரட்டல், பாதி நாடகம்.
பங்க்: தன்மேலயே வர்ற வெறுப்பு. ரூபி கத்துறப்போ தெரியும்.

கேக்குற சிரமம்
மெம்ஃபிஸ்: ரெக்கார்டிங் மங்கலா இருக்கும், ஒரு வாரம் பழகணும்.
பங்க்: மிஸ்ஃபிட்ஸ் பேண்டோட 1982 ஆல்பம் வாக் அமங் அஸ் அரை மணி நேரம்கூட இல்ல, பஸ்லயே முடிஞ்சிடும்.

பீட் பண்றவங்க கண்ண மூடிட்டு மெம்ஃபிஸ் போங்க. லைவ் ஷோல கூட்டம் ஏன் முட்டி மோதுதுன்னு புரியணும்னா பங்க். என்னைக் கேட்டா மெம்ஃபிஸ்தான், ராத்திரி ஹெட்ஃபோன்ல.