ஆர்.எம்.ஈ. டிஜிஃபேஸ் யூஎஸ்பி: கிளாக் நிலையை மறைக்காத பெட்டி

எட்டு சானல் மைக் ப்ரீஆம்புகள் ஒன்றுக்கு மேல் வைத்திருந்து, அவை அனைத்தையும் ஒரே கணினியில் பதிவுசெய்ய விரும்புபவர்களின் தேடலில் ஆர்.எம்.ஈ. என்ற ஜெர்மன் நிறுவனத்தின் டிஜிஃபேஸ் யூஎஸ்பி கட்டாயம் தட்டுப்படும். கையடக்கமான பெட்டி, நான்கு ஆப்டிகல் இன்புட், நான்கு ஆப்டிகல் அவுட்புட், ஒரு ஹெட்ஃபோன் இணைப்பு, மின்சாரமும் யூஎஸ்பி கேபிள் வழியாகவே வந்துவிடுகிறது. 48 கிலோஹெர்ட்ஸில் ஏடாட் (ஒரு ஆப்டிகல் கேபிளில் எட்டு சானல்களை அனுப்பும் முறை) வழியாக 32 சானல்கள் உள்ளே வரும், 32 வெளியே போகும். மைக்கையோ கிட்டாரையோ நேராகச் செருக இதில் இடமில்லை. ஒலியை டிஜிட்டலாக மாற்றும் வேலை முழுவதும் வெளியிலுள்ள ப்ரீஆம்புகளில் நடப்பதால், இப்பெட்டியை மதிப்பிட வேண்டிய அளவுகோல் ஒன்றுதான்: பல கருவிகளின் கிளாக்கையும் (ஒவ்வொரு சாம்பிளும் எடுக்கப்படும் நேரத்தைத் தீர்மானிக்கும் துடிப்பு) சாம்பிள் ரேட்டையும் (நொடிக்கு எத்தனை சாம்பிள்கள் என்ற அளவு) அது எவ்வளவு தெளிவாக ஒழுங்குபடுத்துகிறது?

இரண்டு கருவிகளிலும் 48 கிலோஹெர்ட்ஸ் என்று அமைத்துவிட்டால் இரண்டும் ஒத்து ஓடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஒவ்வொரு கருவியிலும் தனித்தனிப் படிகம் துடிப்பதால் அவற்றின் வேகத்தில் மிகச் சிறிய வேறுபாடு எப்போதும் இருக்கும். அந்த வேறுபாடு பத்து லட்சத்தில் 10 பங்கு என்று வைத்துக்கொண்டால்கூட, நொடிக்கு ஏறத்தாழ 0.48 சாம்பிள் விலகும். அதாவது சுமார் இரண்டு நொடிக்கு ஒருமுறை ஒரு சாம்பிள் விடுபடும் அல்லது இரட்டிக்கும். டிரம்ஸ் பதிவில் அது காதுக்குத் தப்பிவிடலாம். நீண்டு ஒலிக்கும் ஒற்றைச் சுரத்தில் ‘டிக்’ என்று தெளிவாகக் கேட்கும்.

டிஜிஃபேஸின் சிறப்பு இங்கேதான் தெரிகிறது. அதன் அமைப்புச் சாளரத்தில் கிளாக்கின் மூலமாக இன்டர்னலையோ (பெட்டியின் சொந்தக் கிளாக்) நான்கு ஆப்டிகல் இன்புட்களில் ஒன்றையோ தேர்ந்தெடுக்கலாம். அதே சாளரத்தில் ஒவ்வொரு இன்புட்டுக்கும் நேராக ‘நோ லாக்’, ‘லாக்’, ‘சிங்க்’ ஆகிய மூன்றில் ஒரு நிலை காட்டப்படுகிறது. லாக் என்றால் சரியான சிக்னல் வந்துகொண்டிருக்கிறது என்று மட்டுமே பொருள். அந்தச் சிக்னல் பெட்டியின் கிளாக்கோடு உண்மையிலேயே ஒத்து ஓடும்போதுதான் சிங்க் என்று வரும். ப்ரீஆம்பையும் டிஜிஃபேஸையும் வேண்டுமென்றே இன்டர்னலில் வைத்து, ஒரு 1 கிலோஹெர்ட்ஸ் சைன் ஒலியை அனுப்பிப் பாருங்கள். மீட்டர் அசையும், ஒலியும் கேட்கும், திரையில் லாக் என்றும் இருக்கும். ஆனால் இடையிடையே டிக் ஒலி விழும். ப்ரீஆம்பின் பின்புறச் சுவிட்சை ஏடாட் இன்புட்டுக்கு மாற்றியதும் லாக் சிங்க்காக மாறுகிறது, டிக் ஒலி நின்றுவிடுகிறது. ஒரே ஒரு பச்சை விளக்கை எரியவிட்டு ‘எல்லாம் சரி’ என்று சொல்லிவிடும் இன்டர்ஃபேஸ்களைப் பயன்படுத்தியவர்களுக்கு இந்த வேறுபாட்டின் மதிப்பு புரியும்.

எது மாஸ்டராக, அதாவது மற்றவை பின்தொடரும் கிளாக்கைத் தரும் கருவியாக, இருக்க வேண்டும் என்பதில் என் கருத்து பொதுவான பரிந்துரையிலிருந்து சற்று மாறுபடும். ஜிட்டர், அதாவது கிளாக் துடிப்புகளின் நேரத் தடுமாற்றம், கேடு விளைவிப்பது ஒலி டிஜிட்டலாக மாறும் இடத்தில். அந்த இடம் ப்ரீஆம்புக்குள் இருக்கிறது. ஆகவே ஒரே ஒரு ப்ரீஆம்ப் இருந்தால் அதை இன்டர்னல் கிளாக்கில் ஓடவிட்டு, டிஜிஃபேஸை அதைப் பின்தொடரச் செய்வதே மேல். இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் டிஜிஃபேஸை மாஸ்டராக்கி, அதன் ஒவ்வொரு ஆப்டிகல் அவுட்புட்டிலிருந்தும் ஒவ்வொரு ப்ரீஆம்புக்குக் கிளாக் அனுப்புவது எளிது. அப்போது வெளியே எதையும் அனுப்பாவிட்டாலும், ப்ரீஆம்ப் ஒன்றுக்கு இரண்டு ஆப்டிகல் கேபிள்கள் தேவை என்பதை மறந்துவிடக் கூடாது. (ஒலி மேம்படும் என்று நம்பித் தனி மாஸ்டர் கிளாக் வாங்குவது இத்தகைய சிறிய அமைப்புகளுக்கு வீண் செலவு என்றே நினைக்கிறேன்.)

குறை என்று முதலில் சொல்ல வேண்டியது, வேர்ட் கிளாக்குக்கான (கிளாக்கை மட்டும் தனிக் கேபிளில் அனுப்பும் முறை) பிஎன்சி இணைப்பு இல்லாததை. ஆப்டிகல் இன்புட் இல்லாமல் ஆப்டிகல் அவுட்புட் மட்டும் உள்ள ப்ரீஆம்புகள் சில உண்டு. அவற்றுக்கு டிஜிஃபேஸால் கிளாக் கொடுக்கவே இயலாது. அப்படிப்பட்டவை இரண்டு இருந்தால், அவற்றில் ஒன்றை மாஸ்டராக்கி, 75 ஓம் பிஎன்சி கேபிளால் மற்றொன்றை அதனோடு இணைத்து, டிஜிஃபேஸையும் அவற்றில் ஏதேனும் ஒன்றின் ஆப்டிகல் சிக்னலைப் பின்தொடரச் செய்ய வேண்டியிருக்கும். அந்த ப்ரீஆம்புகளில் வேர்ட் கிளாக் இணைப்பும் இல்லையென்றால் இரண்டையும் ஒருசேரப் பயன்படுத்த வழியில்லை.

96 கிலோஹெர்ட்ஸில் இன்னொரு சிக்கல் வருகிறது. அது இப்பெட்டிக்கு மட்டுமே உரியதன்று. ஏடாட் வடிவம் 48 கிலோஹெர்ட்ஸுக்கென்று வடிவமைக்கப்பட்டது. அதைவிட உயர்ந்த சாம்பிள் ரேட்டுகளுக்குப் பயன்படும் எஸ்மக்ஸ் முறையில் ஒரு சானலின் அடுத்தடுத்த சாம்பிள்கள் இரண்டு சானல்களுக்குப் பிரித்து அனுப்பப்படுவதால், ஒரு கேபிளில் எட்டு நான்காகக் குறைகிறது. 192 கிலோஹெர்ட்ஸில் இரண்டுதான். அனுப்பும் கருவி 96இலும் பெறும் கருவி 48இலும் இருந்தால் சிங்க் என்றே காட்டக்கூடும். ஆனால் முதல் மைக்கின் ஒலி 1, 2 ஆகிய இரு சானல்களிலும் தோன்றும். அந்த அறிகுறியைக் கண்டதும் இரு பக்கமும் சாம்பிள் ரேட்டைச் சரிபார்ப்பதே முதல் வேலை.

வெளிக் கிளாக்கைப் பின்தொடரும்போது சாம்பிள் ரேட்டை முடிவுசெய்வது கணினியன்று, மாஸ்டர் கருவி. பதிவு மென்பொருளின் கோப்பு 44.1இலும் மாஸ்டர் 48இலும் இருந்தால், சில மென்பொருள்கள் எச்சரிக்கும், சில வாய் திறக்காது. அப்படிப் பதிவான ஒரு மணி நேர நிகழ்ச்சியைப் பின்னர் வேறு கருவியில் உண்மையான 44.1இல் ஒலிக்கவிட்டால் 65 நிமிடம் 18 நொடி ஓடும். சுருதியும் ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுரம் இறங்கிவிடும். டிஜிஃபேஸின் சாளரத்தில் இன்புட்டின் சாம்பிள் ரேட் எண்ணாகவே தெரிவதால், பதிவுப் பொத்தானை அழுத்தும் முன் ஒரு பார்வை பார்த்தாலே இதைத் தவிர்த்துவிடலாம்.

ஆப்டிகல் இன்புட்டும் அவுட்புட்டும் உள்ள ப்ரீஆம்புகளை ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். வேர்ட் கிளாக்கை நம்பிக் கட்டப்பட்ட ஸ்டுடியோக்கள் பிஎன்சி உள்ள வேறொரு இன்டர்ஃபேஸைத் தேடுவதே நல்லது.