பொண்ண கார்ட்டிங் கோச்சிங்ல சேத்தது: 8 வாரம் முடிஞ்சப்புறம் எழுதுறேன்

பொண்ணுக்கு 11 வயசு. போன வருஷம் ஃப்ரெண்டு பர்த்டேக்கு போன எடத்துல வாடகை கார்ட்ல (தரையோட ஒட்டி ஓடுற குட்டி ரேஸ் வண்டி, கோ-கார்ட்) 10 நிமிஷம் சுத்திட்டு வந்தா, அன்னைலருந்து வீட்ல வேற பேச்சே கிடையாது, ஃபார்முலா கார், அதான் அந்த ஒத்த சீட் ரேஸ் கார், ஓட்டணும், அவ்ளோதான். எனக்கும் இதுல பைத்தியம் உண்டு. சின்ன வயசுல எங்க மாமா சோழவரம் ரேஸுக்கு கூட்டிட்டு போவாரு, அந்த பழைய ஏர்ஸ்ட்ரிப் ஓரமா வெயில்ல நின்னு பாத்தது, வண்டி கடந்து போனப்புறம் வர்ற அந்த எண்ணெய் வாசனை, இப்பவும் மறக்கல. சரி, புள்ள ஆசப்படுறாளேன்னு நாலு எடத்துல விசாரிச்சு, ஊருக்கு வெளிய இருக்குற ஒரு கார்ட்டிங் ஸ்கூல்ல சேத்துவிட்டேன். 8 வாரம், ஞாயித்துக்கெழம காலைல ஒன்றரை மணி நேரம், 28,000 ரூபா. பேரு போடல, ஏன்னா சில குறையும் எழுதப்போறேன், இந்த மாதிரி எடமே விரல் விட்டு எண்ற அளவுக்கு தான் இருக்கு, யாரு பொழப்பையும் கெடுக்க வேணாம்.

மொதல்ல கோச் பத்தி சொல்லிடுறேன். தங்கமான மனுஷன். மொத கிளாஸ்ல வண்டிய ஸ்டார்ட்டே பண்ணல, முக்கால் மணி நேரம் இவள சீட்ல உக்கார வெச்சு, ரெண்டு பக்கமும் ஃபோம் வெட்டி வெட்டி சொருகிட்டு இருந்தாரு. கார்ட்ல சஸ்பென்ஷன் கிடையாது, ரோட்ல இருக்குற சின்ன மேடு கூட நேரா விலா எலும்புல வந்து இடிக்கும், சீட் தொளதொளன்னு இருந்தா புள்ள ஸ்டியரிங்க புடிச்சு தொங்க ஆரம்பிச்சிடும். "ஸ்டியரிங்க கெட்டியா புடிக்காத பாப்பா, வண்டி என்ன பண்ணுதுன்னு உன் முதுகுக்கு தான் மொதல்ல தெரியும், கைக்கு இல்ல"ன்னாரு. அத கேட்டப்பவே எனக்கு நம்பிக்கை வந்துடுச்சு.

ரெண்டாவது கிளாஸ்ல ஒண்ணு பண்ணாரு பாருங்க. கார்ட்ல பின்னாடி ரெண்டு சக்கரமும் ஒரே ஆக்சில்ல இறுக்கி மாட்டிருக்கும், கார்ல ரெண்டு சக்கரமும் வேற வேற வேகத்துல சுத்த விடுற டிஃபரன்ஷியல் இதுல இல்ல, அதனால வளைவுல உள்பக்க பின்சக்கரம் கொஞ்சம் தரைய விட்டு எழும்பினா தான் வண்டி திரும்பும், இல்லேன்னா நேரா இழுத்துட்டு போயிடும். இத வாயால சொல்லாம, இவள சீட்ல உக்கார வெச்சு, டீ வாங்குன பில்லு ஒண்ண அந்த பின்சக்கரத்துக்கு அடியில சொருகிட்டு, இழுத்துப்பாருன்னு என்கிட்ட சொன்னாரு, வரல. இப்ப ஸ்டியரிங்க முழுசா ஒடிம்மான்னாரு, ஒடிச்சா, பில்லு அப்படியே வழுக்கிட்டு கையோட வந்துடுச்சு! எத்தன வருஷமா ரேஸ் பாக்குறேன், எனக்கே அன்னைக்கு தான் புரிஞ்சுது. அப்புறம் நாலு கிளாஸ் வெறும் பிரேக் தான், ஆரஞ்சு கோன் வெச்சு, வண்டி நேரா இருக்கும்போதே இடது கால்ல அழுத்தி மிதிச்சு, வளைவுல திரும்ப ஆரம்பிச்சதும் பிரேக்க மெதுவா விட்டுக்கிட்டே வரணும். மொத தடவ ஓட்டினப்ப ஒரு ரவுண்டுக்கு 1 நிமிஷம் 6 செகண்ட் ஆச்சு, கடைசி கிளாஸ்ல 58 செகண்ட். உள்ளங்கைல கொப்புளம் வந்து பிளாஸ்திரி ஒட்டிட்டு ஸ்கூல் போனா, ஒரு நாள் கூட வரமாட்டேன்னு சொல்லல.

இப்ப குறை. ரிசப்ஷன்ல ஒரு பெரிய எஃப்1 (ஃபார்முலா 1, கார் ரேஸ்லயே உச்சம்) கார் போஸ்டர் போட்டு "இன்று இங்கே, நாளை எஃப்1"னு எழுதி வெச்சிருக்காங்க, அதப் பாத்துட்டு ஆபீஸ்ல லோன் போடலாமான்னு பேசுற அப்பாங்கள நான் பக்கத்துலயே நின்னு கேட்டேன். மனசுக்கு கஷ்டமா இருந்துச்சு. 5வது வாரம் கோச் எங்கள எல்லாம் நிழல்ல உக்கார வெச்சு எஃப்1க்கு போறது எவ்ளோ கஷ்டம்னு நெலமைய சொன்னாரு, அத மேனேஜ்மெண்ட் மொத நாளே சொல்லிருக்கணும்.

எஃப்1க்கு போற அந்த பாதை எவ்ளோ நீளம்னு தெரிஞ்சுக்கணும்னா எஃப்1 ஓட்டின மொத இந்தியர், நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் கதை ஒண்ணே போதும். மொத ரேஸ் நம்ம ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஃபார்முலா மாருதி, அதாவது மாருதி 800 இன்ஜின் வெச்ச சின்ன ஒத்த சீட் வண்டி, அதுலயே மொத மூணு எடத்துக்குள்ள வந்து போடியம். 1992ல, 15 வயசுல, ஃபிரான்ஸ்ல வின்ஃபீல்ட் ரேஸிங் ஸ்கூலுக்கு போனாரு. அப்புறம் ஒவ்வொரு படியா ஒத்த சீட் ரேஸ், இங்கிலாந்துல ஃபார்முலா ஃபோர்டு, 1996ல ஃபார்முலா ஏசியா சாம்பியன், அடுத்து பிரிட்டிஷ் எஃப்3 (ஃபார்முலா 3). 2001 ஜூன்ல சில்வர்ஸ்டோன்ல ஜாகுவார் எஃப்1 கார டெஸ்ட் ஓட்டினாரு, இந்தியால மொத ஆளு. சரி அடுத்த வருஷம் சீட் கெடச்சிடும்னு தான யாரும் நெனப்போம்? கெடைக்கல. ஜப்பான்ல ஃபார்முலா நிப்பான், அப்புறம் வேர்ல்ட் சீரிஸ்னு வேற ரேஸ்ல அலஞ்சாரு, நடுவுல மினார்டிங்கிற எஃப்1 டீம்ல சீட் ஸ்பான்சர் பணம் சேராம கைநழுவி போச்சு. 2005 மார்ச்ல தான் ஜோர்டன் டீமுக்காக மெல்போர்ன்ல மொத எஃப்1 ரேஸ், அப்ப வயசு 28. ஃபிரான்ஸ் போன நாள்லருந்து 13 வருஷம்ங்க, இதுல திறமை இல்லேன்னு யாராச்சும் சொல்ல முடியுமா!

அந்த வருஷம் இண்டியானாபோலிஸ்ல மிஷெலின் டயர் பிரச்சனைல 14 கார் ரேஸ் தொடங்குறதுக்கு முன்னாடி சுத்துற ஃபார்மேஷன் லேப்போட உள்ள போயிடுச்சு, மிச்சம் 6 கார் தான் ஓடுச்சு, அதுல நரேன் 4வதா வந்து 5 பாயிண்ட் எடுத்தாரு. 6 கார் தானன்னு இன்னைக்கும் சொல்றவங்க இருக்காங்க, எனக்கு அது புடிக்கவே புடிக்காது. அந்த 6 கார்ல ஒண்ணா அங்க போய் நிக்கிறதுக்கு என்ன பாடு பட்டாருன்னு பாக்கணும்ல. நரேனுக்கு அப்புறம் நம்ம சென்னை கருண் சந்தோக் 2010ல எஃப்1 ஓட்டினாரு, அந்த ரெண்டு பேரு தான், வேற இந்தியர் யாரும் இதுவரைக்கும் எஃப்1 ரேஸ்ல இறங்கல.

இப்ப ரூல் இன்னும் கெடுபிடி. எஃப்4 ஓட்ட 15 வயசு ஆகணும், அப்புறம் எஃப்3, எஃப்2, எஃப்1க்கு சூப்பர் லைசென்ஸ்னு தனி லைசென்ஸ் வேணும், பொதுவா 18 வயசு ஆகிருக்கணும், 3 சீசன்ல 40 பாயிண்ட் சேத்திருக்கணும். எஃப்4 சாம்பியன் ஆனா கூட 12 பாயிண்ட் தான், எஃப்2ல மொத 3 எடத்துல வந்தா மொத்தமா 40. உலகம் பூரா இத்தன புள்ளைங்க ஓட்டுறாங்க, 2026ல 11 டீம், 22 சீட்.

பொம்பளப்புள்ள பெத்தவங்களுக்கு தனியா ஒண்ணு. எஃப்1ல பாயிண்ட் எடுத்த ஒரே பொண்ணு இத்தாலிக்காரங்க லெல்லா லொம்பார்டி, 1975 ஸ்பெயின் ரேஸ்ல 6வது எடம், ரேஸ் பாதில நின்னதால அரை பாயிண்ட். அதுக்கப்புறம் யாரும் இல்ல. ஆனா 2023லருந்து எஃப்1 அகாடமின்னு பொண்ணுங்களுக்கு மட்டும் எஃப்4 கார்ல தனி சீரிஸ் நடக்குது, இது நெஜமாவே பெரிய கதவு. இதையும் இந்த ஸ்கூல்ல யாரும் சொல்லல, நானா படிச்சு தெரிஞ்சுக்கிட்டேன். கோச்கிட்ட கேட்டா, "சார், அதுக்கு இன்னும் நாலஞ்சு வருஷம் இருக்கு, மொதல்ல கழுத்து வளரட்டும்"னு சிரிச்சாரு. அவரு சொன்னதும் சரி தான், ஹெல்மெட் எடைக்கே இவளுக்கு மூணாவது கிளாஸ் வரைக்கும் கழுத்து வலி.

எஃப்1 இல்லேன்னா எல்லாம் வீணான்னு கேக்குறவங்களுக்கு, நரேன் 2018 வரைக்கும், 41 வயசுல, ஜப்பான்ல சூப்பர் ஃபார்முலாங்கிற ஒத்த சீட் ரேஸ் ஓட்டினாரு. முழுநேர வேலையா. இங்கயே கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேயிலயும் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்லயும் எல்ஜிபி ஃபார்முலா 4 ஓடுது (மேல சொன்ன எஃப்4 வேற, இது உள்ளூர் ரேஸ்), வெளிநாடு போகாம ஒத்த சீட் வண்டி ஓட்டிப் பாக்க நம்ம ஊருக்கு அது தான் கட்டுப்படியாகும். ஆறு மாசம் முன்னாடி எஃப்1 எஃப்1னு தான் நானும் சொல்லிட்டு இருந்தேன், இப்ப வீட்ல பேசுறப்ப அந்த எல்ஜிபி வண்டி தான் பேச்சு.

மத்த குறைங்க சின்னது தான், ஆனா காசு விஷயம். சூட் வாடகை, டயர் தேய்மானம்னு கடைசில 6,500 ரூபா சேத்து வாங்கினாங்க, சேரும்போது வாயே தொறக்கல. ரெண்டு கிளாஸ் மழைல போச்சு, பதிலுக்கு வார நாள்ல வாங்கன்னாங்க, ஸ்கூல் போற புள்ள எப்படி வரும்? அப்புறம் அங்க குடுக்குற ஹெல்மெட், சின்ன சைஸ் ரெண்டே ரெண்டு தான் இருக்கு, லேட்டா போனா பெருசு தான் கெடைக்கும், தலைல ஆடும். மொத தடவ அப்படி கெடச்சப்ப நான் அத போட்டு ஓட்ட விடவே இல்ல, சண்டை போட்டு வேற வாங்கினேன். இதுல மட்டும் விட்டுக்குடுக்காதீங்க, முடிஞ்சா சொந்தமா ஒண்ணு வாங்கிடுங்க.

5க்கு 4 குடுக்குறேன், அந்த 4ம் கோச்சுக்கு தான். அடுத்த பேட்ச்லயும் சேத்துட்டேன், ஆனா ரோட்டாக்ஸ் இன்ஜின் வெச்ச ரேஸ் கார்ட் ஒண்ணு சொந்தமா வாங்கச் சொன்னதுக்கு இப்ப வேணாம்னுட்டேன், ஒரு வருஷம் வாடகை வண்டியிலயே ஓட்டட்டும். போறவங்க 7 மணி பேட்ச் கேட்டு வாங்குங்க, 9 மணிக்கு மேல அந்த தார் ரோட்ல நிக்கவே முடியாது.