யானுஸ்: வாசலா, வெளிச்சமா?

பிள்ளைகளுக்கான நாள்காட்டி ஒன்றின் ஜனவரி பக்கத்துக்கு இரண்டு வரி எழுதித் தரச் சொன்னார்கள். அந்த மாதத்துக்குப் பெயர் தந்தவர் முன்னும் பின்னும் முகம் கொண்ட ரோமக் கடவுள் யானுஸ், ஆங்கிலத்தில் ஜேனஸ். அதுவரை சரி. பெயருக்கு என்ன பொருள் என்று தேடப் போய்த்தான் மாட்டிக்கொண்டேன். பழைய ரோமிலேயே மூன்று விளக்கங்கள் உலவியிருக்கின்றன.

ஒன்று 'ஹியாரே' என்ற லத்தீன் வினை, அதாவது வாய் பிளத்தல். கேயாஸ், அதாவது படைப்புக்கு முந்திய வெறும் பிளவு, இதே பொருளுள்ள சொல்; 'முன்னோர் என்னைக் கேயாஸ் என்றார்கள்' என்று ரோமக் கவிஞர் ஓவிட் யானுஸையே பேசவைக்கிறார். வாயிலிருந்து 'வாயில்' என்ற சொல்லைச் செய்துகொண்ட நமக்கு இது சட்டென்று பிடித்துவிடும். ஆனால் முதலில் உள்ள ஹகரத்தை உதிர்த்தால்தான் பெயர் கிடைக்கும். எனக்கு ஒப்பவில்லை.

அடுத்தது வெளிச்சம். யானுஸ்தான் சூரியன், அவர் ஜோடி 'யானா'வுக்கு முன் ஒரு 'த' ஒட்டி நிலாத் தெய்வம் 'தியானா' ஆனது என்றார் ரோம அறிஞர் நிகிடியுஸ் ஃபிகுலுஸ். பின்னால் வந்த சிலர் இதைத் திருப்பிப் போட்டு, தியானுஸ்தான் தன் 'த'வை இழந்தார் என்றார்கள். இதைச் சும்மா தள்ளிவிட முடியாது. ரோமர்களின் தலைமைக் கடவுள் ஜூபிடரின் பழைய பெயர் வடிவம் 'தியோவிஸ்' அப்படித்தான் 'யோவிஸ்' ஆனது. ஆனால் தியானா பத்திரமாக வைத்திருந்த எழுத்தை அவள் ஜோடி மட்டும் எப்படித் தொலைத்தார்?

என் ஓட்டு மூன்றாவதற்கு: போதல். ரோமப் பேச்சாளர் சிசரோ அன்றே இதைச் சொன்னார், 'போ' என்று பொருள்படும் 'ஈரே' என்ற வினையைக் காட்டி. இன்றைய மொழியியலார் பலர் அதே பொருளுள்ள 'யா' என்ற தொல்வேரை, லத்தீனுக்கும் சமஸ்கிருதத்துக்கும் பொதுவானதை, காட்டுகிறார்கள். என்னைச் சாய்த்தது அந்த வேர்கூட இல்லை, தெருவில் புழங்கிய சொல். ரோமர்களுக்கு 'யானுஸ்' கடவுள் பெயர் மட்டுமல்ல, ஆள் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் வளைவுக்கும் அதே பெயர். ரோமின் பொதுச் சதுக்கமான ஃபோரம் அருகே வட்டிக்காரர்கள் கூடிய இடத்தை 'நடு யானுஸ்' என்றார்கள். வீட்டுக் கதவு 'யானுவா', வாசல்காரன் 'யானிதோர்'. இவை எல்லாவற்றையும் வெளிச்சத்திலிருந்து பிறப்பிக்க முயன்று பாருங்கள், மூச்சு வாங்கும். போரில் திறந்தும் அமைதியில் மூடியும் வைத்த யானுஸ் கோயில் கதவும் இதோடுதான் ஒத்துப்போகிறது. அகஸ்டஸ் காலத்தில் அதை மூன்று முறை மூடினார்கள்.

வளைவின் பெயர் கடவுளுக்குப் போனதா, கடவுளின் பெயர் வளைவுக்கு வந்ததா? வளைவுதான் முந்தியது என்று நினைக்கிறேன். சத்தியம் செய்ய மாட்டேன்.

அப்புறம், சமஸ்கிருத 'யான'த்துக்கும் அதே 'யா'தான் வேர். பிள்ளைகளுக்கான இரண்டாவது வரியில் சந்திரயானைச் சேர்த்துவிட்டேன்.